பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்க

(தேங்காய்ப்பட்டணத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பேன், அவ்வளவுதான். "நீ புட்டிங் செய்து விற்கிறாய் அல்லவா, அதைப் பற்றிப் பேசு" என்று தலைவி அக்கா சொன்னார்கள். புட்டிங் செய்முறை இப்போது எல்லார் கைபேசியிலும் கிடைக்கிறது. அதனால் அந்தச் செய்முறையில் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயத்தைச் சொல்லுகிறேன். அதை எதில் ஊற்றி வைக்கிறோம் என்பதுதான் அது. ஒரு கிண்ணத்தால் நான் பட்ட பாட்டைச் சொன்னால், இன்னொரு சகோதரிக்கு அந்தப் பாடு வராமல் போகும்.

நம்ம பகுதியில் கேரமல் புட்டிங் புதிது இல்லை. முட்டை, பால், சீனி கலந்து இட்லிப் பாத்திரத்தில் வைத்து அவித்து எடுப்போம். கருக்கின சீனி அடியில் இருக்கும். கவிழ்த்தால் மேலே வரும். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை முஸ்லிம் வீடுகளில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து வட்டிலப்பம் வைப்பார்கள். வட்டிலில் வைத்து அவிப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பாத்திரத்தின் பெயரையே பலகாரத்துக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்க.

இப்போது பிள்ளைகள் கேட்பது வேறு. கிரீம் புருலே என்று ஒரு பிரெஞ்சுப் பலகாரம். 1691-ல் வந்த ஒரு பிரெஞ்சுச் சமையல் புத்தகத்திலேயே இது இருக்கிறது. கஸ்டர்டை அவித்து, குளிர வைத்து, மேலே சீனியைத் தூவி, தீயால் சுட்டுக் கருக்க வேண்டும். கரண்டியால் தட்டினால் மேல் பாளம் டக் என்று உடையும். அந்தச் சத்தத்துக்குத்தான் பிள்ளைகள் காசு கொடுக்கிறார்கள்.

சுடுவதற்குச் சின்ன கேஸ் டார்ச் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற என் தம்பி கொண்டு வந்து தந்தான். எனக்க மாமியா கேட்டாங்க: "டார்ச் அடிச்சா புட்டிங் வேகும்? கரண்ட் போனாத்தான டார்ச் வேணும்?" நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்த டார்ச் என்னை அழ வைத்தது பிறகு.

ஒரு நிச்சயதார்த்த வீட்டில் 30 கிண்ணம் கேட்டார்கள். அதுவரை நான் எவர்சில்வர் கிண்ணத்தில்தான் செய்தேன். பெரிய வீட்டு விசேஷம், பார்க்கக் கொள்ளாம் என்று இருக்க வேண்டும் என்று நினைத்து, குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் எடுத்து, ஐஸ்கிரீம் வைக்கிற குப்பிக் கிண்ணம் 36 வாங்கினேன். நல்ல பளபளப்பு. உள்ளே இருப்பது வெளியே தெரியும். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒன்றும் எழுதாததே ஒரு பதில்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரவு முழுவதும் பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்துச் சீனி தூவிச் சுட்டேன். 12 கிண்ணத்தை மகன் முதல் நடையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அடுத்ததைச் சுடும்போது டிக் என்று ஒரு சத்தம். சீனி வெடிக்கிறது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த கிண்ணம் இரண்டாகப் பிளந்து பாதி கீழே விழுந்தது.

சந்தேகம் வந்து, சத்தம் கேட்ட கிண்ணத்தைக் கரண்டியால் கிளறினேன். சீனிப் பாளத்தோடு ஒட்டி ஒரு குப்பிச்சில்லு, ஒரு அரிசி அளவு. அக்காமாரே, உருகின சீனியும் கண்ணாடிதான், குப்பிச்சில்லும் கண்ணாடிதான். இரண்டும் ஒரே மாதிரி மின்னுகிறது. இரண்டும் பல்லில் கடிபட்டால் ஒரே சத்தம். சாப்பிடுகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

கை நடுங்கிக்கொண்டே அந்த வீட்டுக்கு போன் பண்ணினேன். "ஒருத்தரும் தொடாதீங்க, நான் வாறேன்" என்றேன். நல்ல காலம், பந்தி தொடங்கவில்லை. 12 கிண்ணத்தையும் திருப்பி வாங்கினேன். அதில் இரண்டில் மயிரிழை போல் கீறல் இருந்தது. மீதி நல்லதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். முட்டை, பால், சீனி, கிண்ணம் எல்லாம் நஷ்டம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் கோபப்பட்டார்கள், அது நியாயம். அந்த மாதத் தவணையை என்னால் கட்ட முடியவில்லை. கூட்டத்தில் எழுந்து நடந்ததை நடந்தபடியே சொன்னேன். குழு எனக்கு இரண்டு மாதம் தவணை தந்தது. அந்த உதவியை நான் மறக்கமாட்டேன்.

பிறகுதான், ஏன் உடைந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வயசான அக்காமாருக்கு இது முன்னமே தெரியும். அரிக்கேன் விளக்கு எரியும்போது சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கீறி விடும். சூடான இடம் விரியும், குளிர்ந்த இடம் விரியாது. கண்ணாடியில் சூடு பைய பையத்தான் பரவும். ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் விடாமல் பிடிக்க, நடுவில் கீறல் விழும். பிரிட்ஜில் இருந்து வந்த கிண்ணம் 4, 5 டிகிரியில் இருக்கிறது. சீனி உருகிக் கருக 160 டிகிரிக்கு மேல் வேண்டும். டார்ச் தீயோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். அந்தத் தீ ஒரு நொடி விளிம்பில் பட்டாலும் போதும்.

இதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் கார்னிங் என்ற ஊரில் ஒரு கண்ணாடிக் கம்பெனி, ரயில் விளக்குகளுக்கு என்று சூடு குளிர் தாங்குகிற கண்ணாடி செய்தது. அங்கே வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற விஞ்ஞானியின் மனைவி பெஸ்ஸி. அவருடைய சமையல் பாத்திரம் உடைந்துபோனது. "உங்க கம்பெனிக் கண்ணாடியில் ஒன்று கொண்டு வாருங்க" என்று கேட்டார். கணவர், பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்தார். 1913-ல் அதில் பெஸ்ஸி கேக் சுட்டார். கண்ணாடி உடையவில்லை. 1915-ல் பைரெக்ஸ் என்ற பெயரில் அடுப்புக் கண்ணாடிப் பாத்திரம் கடைக்கு வந்தது. ஒரு பெண் தன் பாத்திரம் உடைந்ததைச் சும்மா விடாமல் கேட்டதால் வந்தது அது. அதுதான் போரோசிலிகேட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும்.

இனி பாத்திரம் பாத்திரமாகச் சொல்லுகிறேன். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்க.

முதலில் குப்பி. ஐஸ்கிரீம் கிண்ணம், தண்ணீர் கிளாஸ், ஊறுகாய் ஜாடி, ஜாம் குப்பி எதுவும் டார்ச்சுக்கு ஆகாது. கீழே போட்டாலும் உடையாத கண்ணாடி என்று விற்பார்கள். அது அடிக்குத் தாங்கும். உடையும்போது முழுவதும் பொடிப் பொடியாகச் சிதறும். வெள்ளை வெளேர் என்ற ஓபல் தட்டும் கண்ணாடிதான், அதுவும் வேண்டாம். போரோசிலிகேட் ஓவனுக்கு நல்லது, அவிக்க நல்லது. ஆனால் நேர்த் தீ படக்கூடாது என்று செய்கிறவர்களே அட்டையில் போடுகிறார்கள். அதனால் டார்ச் வேலைக்குக் குப்பியே வேண்டாம் என்பது என் முடிவு.

அடுத்தது பிஞ்ஞாணம். இதற்கென்றே ரமேக்கின் என்று சின்ன பீங்கான் கிண்ணம் விற்கிறது. உயரம் குறைவாக, வாய் அகலமாக, சுவர் தடிப்பாக இருக்கும். அடியில் ஓவனில் வைக்கலாம் என்று அச்சிட்டிருந்தால் வாங்கலாம். பொன்வரி போட்டது, கீறல் உள்ளது, விளிம்பு பெயர்ந்தது, ஒட்டவைத்தது எதுவும் வேண்டாம். வீட்டுச் சாயாக் கோப்பையும் வேண்டாம். சந்தையில் மண்சட்டியைச் சுண்டிப் பார்ப்போமே, அதேபோல் விரலால் சுண்டிப் பாருங்க. கிண் என்று கேட்டால் நல்லது. செத்த சத்தம் கேட்டால் எங்கேயோ கீறல் இருக்கிறது.

மண் கிண்ணம். ஸ்பெயின் நாட்டில் இதே மாதிரிப் பலகாரத்தை ஆழம் குறைந்த மண் தட்டில்தான் செய்வார்கள். நம்ம மீன்சட்டியும் நேர்த் தீயைத் தாங்குகிறது. ஆனால் மீன்சட்டியைப் பழக்கி எடுக்கிறோம், பைய சூடாக்குகிறோம். ஈரம் குடித்துப் பிரிட்ஜில் இருந்த மண் கிண்ணத்தில் திடீரென்று தீ பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் செதில் தெறிக்கும். அதனால் மண் கிண்ணத்தில் அவித்துக் கொடுங்க, சுட வேண்டாம். வர்ணம் பூசி மினுக்கிய மண் கிண்ணத்தில் சாப்பாடே வேண்டாம். அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம்.

எவர்சில்வர். பார்க்க எளிமை, ஆனால் உடையாது, சில்லு விழாது. நிறம் கொஞ்சம் மாறும், தேய்த்தால் பெரும்பாலும் போகும். ஒரே குறை, விளிம்பு சூடாகி நிற்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதில் தொடங்குங்க. நானும் இதற்கே திரும்பிவிட்டேன்.

அலுமினியத் தாள் கிண்ணம் அவிக்க, பொதிய நல்லது. சுட நல்லதில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தாள் மிக மெலிது. தூக்கும்போது மடங்கினால் கொதிக்கும் சீனி கையில் ஊற்றும். நான்-ஸ்டிக் பூச்சு உள்ளது வேண்டவே வேண்டாம். அதிகச் சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுப் புகை விடும். மெலமைன் தட்டு பிஞ்ஞாணம் போலவே இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் வகை. பேப்பர் கப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தேங்காய்ப்பட்டணத்துக்காரிக்குச் சிரட்டை நினைவு வராமல் இருக்குமா? வழவழப்பாகத் தேய்த்த சிரட்டைக் கிண்ணம் அழகுதான். ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி எதிலிருந்து எடுத்தோம்? சிரட்டை தீக்கு விறகு. அதில் புட்டிங் அவித்துக் கொடுக்கலாம், தீ காட்டக்கூடாது.

இனி அடியில் இருக்கும் அடையாளங்கள். குவளையும் முள்கரண்டியும் படம் போட்டிருந்தால், அதில் சாப்பாடு வைக்கலாம் என்று மட்டும் அர்த்தம். அலை அலையான கோடு மைக்ரோவேவுக்கு. பனிப்பூ ஃப்ரீசருக்கு. "மைக்ரோவேவ் சேஃப்" என்று எழுதியிருக்கிறதே, தீயையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஓவனுக்கு ஆகும் என்றால் எத்தனை டிகிரி வரை என்று பாருங்க. ஒன்றும் எழுதாவிட்டால், "எனக்குச் சூடு ஆகாது" என்று அந்தப் பாத்திரம் சொல்லுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்க.

மொத்தமாக வாங்குவதற்கு முன் இரண்டே இரண்டு வாங்கி வீட்டில் சோதியுங்க. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, எவர்சில்வர் தட்டத்துக்குள் கிண்ணத்தை வைத்துச் சுடுங்க. அந்தப் புட்டிங் தின்ன அல்ல. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவிப் பாருங்க. மூன்று தடவை தாங்கினால் வாங்கலாம். 200 ரூபாய் சோதனை 5,000 ரூபாயைக் காக்கும்.

சுடும் முறையும் சொல்லுகிறேன். பிரிட்ஜில் இருந்து எடுத்ததும் சுடாமல் கொஞ்ச நேரம் வெளியே வையுங்க. கிண்ணத்தின் வெளி ஈரத்தையும் கஸ்டர்டின் மேல் ஈரத்தையும் துடையுங்க. ஒரு தேக்கரண்டி சீனியை ஒரே கனமாகப் பரப்புங்க. தீ நுனி சீனியிலிருந்து மூன்று விரல் தள்ளி இருக்கட்டும், வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். விளிம்பில் ஒரு நகம் அளவு விட்டுவிடுங்க. ஓரம் கருகாவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு கூடாது. சூடான கிண்ணத்தை ஈரத் துணி மேலும் ஈரக் கல் மேலும் வைக்கக்கூடாது.

நைலான் நைட்டியோடும் தொங்கும் ஷாலோடும் டார்ச்சைத் தொடாதீங்க. பருத்தித் துணி, கட்டின தலைமுடி. டார்ச்சைத் தலைகீழாகப் பிடிக்காதீங்க, தீ சீறும். கேஸ் நிரப்பும்போது அடுப்பு எரியக்கூடாது, டார்ச் ஆறியிருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். அந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். கேஸ் டின்னை அடுப்பு மேடையிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்காதீங்க.

கையில் சீனிப் பாகு பட்டால் பிடுங்கி எடுக்காதீங்க, தோலும் சேர்ந்து வரும். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்க. வளையல், மோதிரத்தைக் கழற்றுங்க. பேஸ்ட், மை, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்க. பெரிய காயம் என்றால் 108.

இப்போது வியாபாரம். டார்ச் அடித்த பாளம் அதிக நேரம் நிற்காது. சீனி ஈரத்தை இழுக்கும். நம்ம கடல்காற்றில் இன்னும் சீக்கிரம் நனைந்து இளகும். சாயங்காலம் சுட்டால் ராத்திரி பந்தியில் டக் சத்தம் வராது. அப்படியானால் கிண்ணத்துக்கு ஏன் தீ காட்ட வேண்டும்? நான் இப்போது செய்வது இதுதான். வாணலியில் சீனியைப் பொன்னிறமாக உருக்கி, நெய் தடவின எவர்சில்வர் தட்டில் மெலிசாக ஊற்றி, ஆறினதும் அப்பளம் போல் உடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் தனியாகக் கொடுத்துவிடுகிறேன். பரிமாறும்போது மேலே வைத்தால் போதும். கிண்ணம் தீயைப் பார்ப்பதே இல்லை. டார்ச்சை வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மட்டும், எவர்சில்வரில், எடுக்கிறேன். எனக்க மாமியாவுக்கு இந்த வழி ரொம்பப் பிடித்துவிட்டது. "இது நம்ம கடலை மிட்டாய்ப் பாகுதான, இதுக்கா துபாய் டார்ச்சு?" என்கிறார்கள்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் சந்தோஷம்.

ஒன்று: பலகாரம் செய்கிற குழுக்களுக்குப் பொதுவாக, சோதித்த கிண்ணங்களைச் சேர்ந்து வாங்கி வைப்போம். விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். தனியாக 36 வாங்கிக் கடன்படுவதைவிட இது நல்லது.

இரண்டு: திரும்பி வரும் ஒவ்வொரு கிண்ணத்தையும் சுண்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். கீறின கிண்ணத்தைப் பூச்செடிக்கு வையுங்க, பலகாரத்துக்கு வேண்டாம்.

மூன்று: தொழிலில் நடந்த தவறைக் கூட்டத்தில் சொல்லுகிறவளை யாரும் குத்திப் பேசக்கூடாது. அன்றைக்கு நான் வெட்கப்பட்டு மறைத்திருந்தால், அடுத்த மாதம் இன்னொருத்தி அதே கிண்ணத்தை வாங்கியிருப்பாள். என் குழு என்னைத் திட்டாததால்தான் இன்றைக்கு இந்த மைக் முன்னால் நிற்கிறேன்.

ஒரு வீட்டுப் பிள்ளை நம்ம கையால் செய்ததை நம்பி வாயில் வைக்கிறது. அந்த நம்பிக்கைதான் நம்ம முதலீடு. அடுத்த தடவை கடையில் அழகான கிண்ணம் ஒன்று கண்ணில் பட்டால், விலையைக் கேட்கும் முன் அதன் அடியைத் திருப்பிப் பாருங்க.